வெள்ளை மூடி போட்டால் வெளிச்சம் மென்மையாகுமா?

எங்கட செற்றில ஆராவது புதுசாக ஒரு பிளாஷ் வாங்கினால், அடுத்த கிழமையே ஒரு கேள்வி வரும்: "இதுக்கு எந்த டிபியூசர் நல்லம்?" கலியாண வீடு, சாமத்திய வீடு, பிறந்தநாள் என்று படம் எடுக்கப் போற எல்லாருக்கும் இது வாற கேள்விதான். தேடிப் பார்த்தால் மூடி மாதிரி, கிண்ணம் மாதிரி, உருண்டை மாதிரி, சின்னக் குடை மாதிரி என்று கனக்க வகை இருக்கு. எல்லா விளம்பரமும் "மென்மையான வெளிச்சம்" என்றுதான் சொல்லுது. 2022இல் சில மாதத்துக்குள்ள டொலர் 200 ரூபாவில இருந்து 360 ரூபா மட்டும் ஏறின பிறகு, வெளியில இருந்து வாற ஒரு பிளாஸ்ரிக் மூடிக்குக் காசு குடுக்கவும் இரண்டு தரம் யோசிக்க வேண்டியிருக்கு. அதனால நாங்கள் பாவிச்சுப் பார்த்து விளங்கிக்கொண்டதை எழுதி வைக்கிறம்.

முதலில் ஒரு அடிப்படை. வெளிச்சத்தை மென்மையாக்கிறது வெள்ளைப் பிளாஸ்ரிக் இல்லை. வெளிச்சம் வாற இடத்தின்ர அளவு. மத்தியான வெயிலில நில்லுங்கோ, மூக்குக்குக் கீழ கத்தியால வெட்டினது மாதிரி நிழல் விழும். மப்பு மூடின நாளில அதே இடத்தில நின்றால் நிழலே தெரியாது. சூரியன் அதே சூரியன்தான். ஆனால் மப்பு நாளில முழு வானமும் எங்களுக்கு விளக்காக மாறிவிடுது. படம் எடுக்கப்படுற ஆளுக்கு அந்த விளக்கு எவ்வளவு பெரிசாகத் தெரியுதோ, வெளிச்சம் அவ்வளவு மென்மை.

கமராவுக்கு மேல பூட்டிற பிளாஷின்ர முகம் ஏறக்குறைய 7 சென்ரிமீற்றர் நீளம், 4 சென்ரிமீற்றர் அகலம். அதுக்கு மேல ஸ்ரோ-ஃபென் வகை வெள்ளை மூடி ஒன்றைப் போட்டால் அளவு எவ்வளவு கூடும்? ஒரு விரல் அகலம் கூட இல்லை. மூன்று மீற்றர் தள்ளி நிக்கிற மணப்பெண்ணுக்கு அது அதே சின்னப் புள்ளிதான்.

அப்ப ஏன் சிலர் எடுக்கிற படம் மூடியோட நல்லா வருது? மூடி வெளிச்சத்தை நாலு பக்கமும் சிதறடிக்குது. சின்ன அறையில, வெள்ளைச் சுவரும் வெள்ளைச் சீலிங்கும் இருந்தால், சிதறின வெளிச்சம் அதில பட்டுத் திரும்பி வரும். படத்தை மென்மையாக்கிறது சுவர். பெயர் வாங்கிறது மூடி. அதே மூடியோட வெளியில, முற்றத்தில போய் எடுத்துப் பாருங்கோ. பக்கத்துக்குப் போற வெளிச்சம் இருட்டுக்குள்ள போயிடும். நிழல் கடுமையாகவே இருக்கும், பற்றரிதான் வேகமாக இறங்கும்.

கேரி ஃபோங் லைற்ஸ்பியர், மாக்மொட் மாதிரிக் கிண்ணங்களும் உருண்டைகளும் கொஞ்சம் பெரிசு. ஒரு மீற்றர் கிட்ட நின்று முகத்தை எடுத்தால் வித்தியாசம் தெரியும். ஆனால் ஹோலின்ர நடுவில நின்று மேடையை எடுக்கேக்க அந்த வித்தியாசம் போயிடும். இவை ஒன்று, இரண்டு ஸ்ரொப் வெளிச்சத்தையும் விழுங்கும். இரண்டு ஸ்ரொப் என்றால் நாலில் ஒரு பங்குதான் மிச்சம். தாலி கட்டிற நேரம் பிளாஷ் திரும்பச் சார்ஜ் ஆகும் வரைக்கும் ஐயர் பார்த்துக்கொண்டு நிக்க மாட்டார்.

அதனால எங்கட முதல் டிபியூசர் சீலிங். பிளாஷ் தலையை மேல திருப்பி அடிச்சால், சீலிங்கில ஒரு மீற்றர், இரண்டு மீற்றர் அகலத்துக்கு வெளிச்ச வட்டம் விழும். அந்த வட்டம்தான் இனி விளக்கு. நேர மேல அடிச்சால் கண்குழி இருட்டாகும். கொஞ்சம் பின்னுக்கு, இல்லாட்டிப் பக்கவாட்டில சரிச்சு அடிக்கவேணும். ஐஎஸ்ஓவை 800, 1600 என்று கூட்ட வேண்டிவரும். இப்பத்தைய கமராக்களுக்கு அது பெரிய விசயம் இல்லை. நீல் வான் நீகெர்க் என்ற கலியாணப் படப்பிடிப்பாளர், பிளாஷ் தலையில ஒரு கறுப்பு ஃபோம் துண்டை தலைமயிர் கட்டிற ரப்பர் பான்டால கட்டி, நேர முகத்துக்குப் போற வெளிச்சத்தை மறைக்கிற முறையைப் பிரபலமாக்கினவர். செலவு ஒரு ஃபோம் தாள். வெளிச்சம் முழுக்கச் சுவரில பட்டுத்தான் ஆளுக்கு வரும்.

ஆனால் எங்கட ஊரில எல்லா இடத்திலயும் வெள்ளைச் சீலிங் இல்லை. ஓட்டு வீட்டில சீலிங் அடிக்காட்டி, மேல அடிக்கிற வெளிச்சத்தைக் கறுத்த ஓடும் தீராந்தியும் குடிச்சுவிடும். திரும்பி வாற கொஞ்சமும் செம்மண் நிறத்தில வரும். பந்தலில நீலத் தறப்பாள் கட்டியிருந்தால் முகமெல்லாம் நீலம். சிவப்புச் சீலை கட்டின பந்தல் என்றால் சிவப்பு. கோயில் மண்டபமும் பெரிய ஹோல்களும் சரியான உயரம். இப்படியான இடத்துக்குத்தான் காசு குடுத்து ஏதாவது வாங்கிறதில அர்த்தம் இருக்கு. அங்க மூடியும் கிண்ணமும் உதவாது. ரோக் ஃபிளாஷ்பெண்டர் மாதிரி வளைக்கக்கூடிய அகலமான வெள்ளைத் தட்டு, இல்லாட்டி 20க்கு 30 சென்ரிமீற்றர் அளவில ஒரு சின்ன சொஃப்ட்பொக்ஸ் நல்லம். 20க்கு 30 என்றால் பிளாஷ் முகத்தைப் போல இருபது மடங்குக்கு மேல பரப்பு. அதையும் கிட்டப் போய்ப் பாவிக்கவேணும், ஒன்றரை மீற்றருக்குள்ள. தட்டை நாங்களே வெள்ளை ஃபோம் தாளில வெட்டிச் செய்யலாம். முதல் அதைச் செய்து பாருங்கோ. பேந்து வாங்கிறதை யோசிக்கலாம்.

இவ்வளவும் சாமான் கதை. இனிச் சொல்லப்போறதுதான் எங்களுக்கு முக்கியம்.

சாமத்திய வீட்டுக்குப் படம் எடுக்கப் போனால், ஆராவது ஒரு அன்ரி வந்து மெல்லச் சொல்லுவா: "தம்பி, பிள்ளை கொஞ்சம் கறுப்பு. வெள்ளையா வாற மாதிரி எடுத்துத் தாங்கோ." பிள்ளை பக்கத்திலதான் நிக்கும், கேட்டுக்கொண்டு. கனபேர் அதுக்குச் செய்யிற வேலை, பிளாஷை நேர முகத்துக்கு அடிச்சு, கூட்டி, மிச்சத்தைக் கொம்பியூட்டரில வெளிறச் செய்யிறது. மூக்கும் கன்னமும் தட்டையாகி, பவுடர் அப்பின முகம் ஒன்று அல்பத்தில வரும். கழுத்தும் கையும் வேற நிறத்தில இருக்கும்.

கறுத்த தோல் படத்தில வராது என்பது பொய். தோலுக்குள்ள போய்த் திரும்பி வாற வெளிச்சம் கறுத்த தோலில குறைவு. ஆனால் மேற்பரப்பில இருந்து கண்ணாடி மாதிரித் தெறிக்கிற வெளிச்சம் எல்லாத் தோலிலயும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால கறுத்த முகத்தின்ர வடிவு அந்த மினுக்கத்தாலதான் படத்தில எழும்பும். விளக்கு சின்னதாக இருந்தால் மினுக்கம் நெற்றியில ஒரு வெள்ளைப் பொட்டாக எரியும், வியர்வையும் சேர்ந்தால் இன்னும் மோசம். விளக்கு பெரிசாக இருந்தால் அதே மினுக்கம் கன்னத்தில அகலமாகப் படர்ந்து முகத்துக்கு உருவம் குடுக்கும். நல்ல டிபியூசர் என்று நாங்கள் தேடுறது இதைத்தான்.

கமரா எடுக்கிற அளவையும் நம்பி இருக்க ஏலாது. பக்கத்தில வெள்ளை வேட்டியோட அப்பா, மாமா நின்றால், ரீரீஎல் முறையில பிளாஷ் "வெளிச்சம் போதும்" என்று நினைச்சுக் குறைச்சிடும். வேட்டி வெள்ளை இல்லாமல் சாம்பலாக வரும், முகம் இருட்டாகும். அப்ப பிளாஷை ஒரு ஸ்ரொப் மட்டில கூட்டவேணும். கறுப்புக் கோட் என்றால் மறுபக்கம், குறைக்கவேணும்.

இது எங்கட ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. கொடாக் நிறுவனம் 1950களில் இருந்து, படம் கழுவிற இடங்களில நிறம் சரிபார்க்க "ஷேர்லி" அட்டைகளை அனுப்பினது. அதில இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின்ர முகம். கனகாலம் "சரியான தோல் நிறம்" என்பதுக்கு அந்த முகம்தான் அளவுகோல். அந்த அட்டைகள் இப்ப இல்லை. ஆனால் "வெள்ளையா எடுங்கோ" என்று கேட்கேக்க அந்த அளவுகோலைத்தான் நாங்கள் திரும்பத் தூக்கிறம்.

அன்ரியோட சண்டை பிடிக்கத் தேவையில்லை. "வடிவா எடுத்துத் தாறம்" என்று சொல்லிப்போட்டு, சுவரில அடிச்சு ஒரு படம் எடுத்து, கமராவின்ர திரையைப் பிள்ளைக்கு முதல் காட்டிறம். கனதரம் அன்ரியும் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போயிடுவா. சிலவேளை திரும்பவும் கேட்பா. அப்பவும் நாங்கள் நிறத்தில கை வைக்கிறதில்லை.

அதனால டிபியூசர் வாங்க முதல், படம் எடுக்கப்போற இடத்துக்குப் போய் மேல அண்ணாந்து பாருங்கோ. வெள்ளைச் சீலிங் இருந்தால் காசை மிச்சம் பிடியுங்கோ. இல்லாட்டிப் பெரிய தட்டாக ஒன்று எடுத்துக்கொண்டு, கிட்டப் போங்கோ. பன்னிரண்டு, பதின்மூன்று வயசில எடுத்த அந்த அல்பத்தை அந்தப் பிள்ளை இன்னும் முப்பது வருசத்துக்கு வைச்சுப் பார்க்கும். அதில இருக்கிறது தன்ர முகமாக இருக்கவேணும்.