இரவு இரண்டு மணிக்கு லேப் சாவி

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் மகப்பேறு மருத்துவத் துறையில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் எம்.எஸ். படிக்க வருபவர்களில் அநேகமாக எல்லோருமே பெண்கள். மூன்று வருடப் படிப்பு, அதற்குள் ஒரு தீசிஸ் முடித்தாக வேண்டும். பலருக்கு அதுதான் வாழ்க்கையில் முதல் ஆராய்ச்சி. பெரும்பாலானவர்களுக்கு அதுவே கடைசியும்கூட. ஏன் கடைசியாகிறது என்று கேட்டால், "கல்யாணம், குழந்தை, அவங்களுக்கே ஆர்வம் போயிடும்" என்று பதில் வரும். ஆர்வம் போவதை நான் அதிகம் பார்த்ததில்லை. நேரம் போவதையும், ஆள் இல்லாமல் போவதையும், பெயர் போவதையும்தான் பார்த்திருக்கிறேன்.

என் மாணவி ஒருத்தியின் தீசிஸ் ரத்தசோகை பற்றியது. கர்ப்பிணியின் உடம்பில் இரும்புச்சத்து குறைவாக இருந்தால் பிறக்கும் குழந்தையின் இருப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கேட்பதற்குச் சின்ன வேலை. பிரசவம் ஆனதும் தொப்புள்கொடியிலிருந்து ரத்தம் எடுத்து, உறைந்த பிறகு சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி, சீரத்தைப் பிரித்து ஃப்ரீசரில் வைக்க வேண்டும். தாமதமானால் அணுக்கள் உடையும். அப்புறம் வருகிற எண்ணை நம்ப முடியாது. குழந்தைகள் ஆபீஸ் நேரம் பார்த்துப் பிறப்பதில்லை. ஆனால் ஆராய்ச்சி லேப் மாலை நான்கு மணிக்குப் பூட்டப்படும். சாவி டெக்னீஷியனோடு வீட்டுக்குப் போய்விடும். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு நியமிக்கப்பட்ட நேரம் அவ்வளவுதான்.

இவளுக்கு எட்டு மாதக் கைக்குழந்தை. மகப்பேறு விடுப்பு எடுத்தால் படிப்பு அந்த அளவுக்கு நீளும் என்பதால், எடுத்ததே குறைவு. முதல் இரண்டு மாதத்தில் பகலில் நடந்த பிரசவங்களின் சாம்பிள் மட்டுமே சேர்ந்தது. "நைட்ல பிறந்ததை விட்டுட்டா பயாஸ் வந்துடாதா மேடம்?" என்று கேட்டாள். சரியான கேள்வி. எங்கள் ஊரில் இரவில் வருபவர்கள் பலர் தூரத்துக் கிராமங்களிலிருந்து, கடைசி நேரத்தில், வேறு ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பப்பட்டு வருபவர்கள். ரத்தசோகை அதிகம் இருக்கக்கூடியவர்களும் அவர்கள்தான். ஆராய்ச்சியாளருக்கு இரவில் லேப் திறக்கவில்லை என்றால், அந்த ஏழைப் பெண்கள் ஆராய்ச்சிக்குள்ளேயே வரமாட்டார்கள். ஒரு சாவியில் இவ்வளவு இருக்கிறது.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருபவர் டாக்டர் செல்லப்பன் நிர்மலா. 1985-86இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த மாணவி. எய்ட்ஸ் என்பது அமெரிக்காவில் நடக்கும் விஷயம் என்று இங்கே எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம். அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன்தான், தீசிஸுக்கு இதையே எடுத்துப் பாரேன் என்றார். நிர்மலா தயங்கினார். கணவர் தைரியம் சொன்னார். மூன்று மாதங்களில் எண்பதுக்கும் மேற்பட்ட பெண்களிடம் ரத்தம் சேகரித்தார். அவர்களில் பலர் பாலியல் தொழில் வழக்கில் பிடிபட்டுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்தவர்கள். அங்கே அவரைக் கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். பஸ் காசு மிச்சம். சீரம் பிரிக்க சுனிதி சாலமன் சின்னதாக ஓர் ஆய்வகம் ஏற்பாடு செய்து கொடுத்தார். பிரித்ததைப் பத்திரப்படுத்த இடமில்லாததால், அது நிர்மலாவின் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்தது. சென்னையில் பரிசோதனை வசதி கிடையாது. 1986 பிப்ரவரியில் ஐஸ் பெட்டியோடு கணவனும் மனைவியும் இரவு ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, வேலூர் சி.எம்.சி.க்குப் போனார்கள். அங்கே ஆறு சாம்பிள்கள் நிறம் மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று தெரிந்தது அப்படித்தான்.

அந்தப் பெண்களுக்கு எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று முழுதாகச் சொல்லப்படவில்லை. இதை நிர்மலாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இன்றைக்கு எந்த எத்திக்ஸ் கமிட்டியும் அதை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. அந்தக் கதையைச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பேராசிரியர் கேள்வியைக் கொடுத்தார், ஓர் ஆய்வகத்தைக் கொடுத்தார், கதவுகளைத் திறந்துவிட்டார். மிச்சத்தை யார் கொடுத்தது? வண்டி, குளிர்பதனப் பெட்டி, கூடவே இரவுப் பயணத்துக்கு ஒரு துணை, எல்லாம் வீட்டிலிருந்து வந்தவை. நல்ல கணவர் அமைந்தது நாட்டின் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொள்ளலாமா? எங்கள் துறை அலமாரியில் இருக்கும் தீசிஸ்களின் நன்றிப் பக்கத்தைப் புரட்டினால் கணவர், அம்மா, மாமியார் இல்லாமல் ஒன்றும் இருக்காது. அன்பாகத்தான் எழுதுகிறார்கள். எனக்கு அது கணக்கு நோட்டு மாதிரித் தெரிகிறது. நிறுவனம் செலவழிக்க வேண்டியதை யார் யார் செலவழித்தார்கள் என்ற கணக்கு.

இதை நிறுவனமே செய்ய முடியும் என்பதற்கு உதாரணம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் என்.ஐ.எச். கொடுக்கும் கே23 என்ற உதவித்தொகை நோயாளிகளோடு ஆராய்ச்சி செய்யும் இளம் மருத்துவர்களுக்கானது. அதைப் பெறுபவரின் வேலை நேரத்தில் பொதுவாக 75 சதவீதத்தை ஆராய்ச்சிக்கு விட்டுவிட வேண்டும் என்பது நிபந்தனை. நிபந்தனை மருத்துவமனைக்கும் சேர்த்துத்தான்: ஓபியில் கூட்டம் என்று அவரை இழுத்துக்கொள்ள முடியாது. இங்கே அப்படி ஒரு விதி வந்தால் எங்கள் ஓபி நின்றுவிடும், அதுவும் உண்மை. எண்ணிக்கையை விடுங்கள். வாரத்தில் அரை நாள் என்று எழுத்தில் கொடுக்கலாமே. வாய்மொழியாகக் கொடுத்த அரை நாள் முதல் அவசர சிசேரியனில் காணாமல் போகும்.

அதைவிட என்னை யோசிக்க வைத்தது டோரிஸ் டியூக் அறக்கட்டளை 2015இல் பத்து மருத்துவக் கல்லூரிகளோடு ஆரம்பித்த திட்டம். குழந்தையையோ முதியவரையோ நோயாளியையோ கவனிக்கும் பொறுப்பில் இருக்கும் இளம் ஆராய்ச்சியாளர்களுக்குப் பணம். குழந்தைப் பராமரிப்புக்கு அல்ல, ஆராய்ச்சிக்குக் கூடுதல் கைகள் வைத்துக்கொள்ள: ஓர் உதவியாளர், ஒரு டெக்னீஷியன், புள்ளிவிவரம் பார்க்க ஒருவர். அவள் வீட்டில் இருக்கும் நேரத்திலும் வேலை நகர்கிறது. பெண்ணை மாற்றுவதற்குப் பதிலாக வேலையை மாற்றி அமைத்திருக்கிறார்கள். இதைப் படித்தபோது பொறாமையாக இருந்தது.

நாங்கள் செய்தது மிகச் சின்னது. 24 மணி நேரமும் இயங்கும் அவசரப் பிரிவு லேபின் சென்ட்ரிஃப்யூஜை இரவில் பயன்படுத்த அனுமதி, ஃப்ரீசர் அறைக்கு ஒரு மாற்றுச் சாவி, அது பிரசவ வார்டில் ஒரு ரெஜிஸ்டரோடு. இவ்வளவுக்கு நான்கு கடிதம், ஐந்து மாதம். "சாவி தொலைஞ்சா யார் பொறுப்பு?" என்ற கேள்விக்குத்தான் பாதி நேரம் போனது. நான் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என்னைப் போன்ற நடுவயதுப் பேராசிரியர்கள் வழிகாட்டுவதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். பல நேரம் அதற்கு அர்த்தம், சின்னவள் நிற்க முடியாத ஆபீஸ் வாசலில் நாம் போய் நிற்பதுதான்.

பெயர் விஷயம் பாக்கி. நான் படித்த கல்லூரியில் என் தீசிஸ் கட்டுரையாக வெளிவந்தபோது என் பெயர் நான்காவது. எனக்கு முன்னால் இருந்தவர்களில் ஒருவரை நான் அந்த ஆராய்ச்சி சம்பந்தமாகச் சந்தித்ததே இல்லை. கேட்டதற்கு, "உனக்கு இன்னும் வயசு இருக்கும்மா" என்றார்கள். அந்த வயதில் தேவைப்பட்டதுதான் அது. அடுத்த நிதிக்கு விண்ணப்பிக்கும்போது முதல் பெயராக என்ன வெளியிட்டிருக்கிறாய் என்றுதான் கேட்பார்கள். நிர்மலாவும் 1987இல் தீசிஸைச் சமர்ப்பித்துவிட்டு கிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலைக்குப் போனார். அவர் பெயரைப் பொதுவெளியில் பரவலாகக் கேட்க எனக்கு முப்பது வருடம் ஆனது.

அதனால் எங்கள் துறையில் முதல் சாம்பிள் எடுப்பதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிவிடுகிறோம்: யார் எதைச் செய்வார், யார் பெயர் எத்தனையாவது. போன மாதம் அந்தத் தாளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது பிரசவ வார்டு நர்ஸ் ஒருவர் வந்து நின்றார். இரவு சாம்பிள்களில் பாதிக்கு மேல் அவர் எடுத்துக் கொடுத்தவை.

"மேடம், இதுல எங்க பேரு வருமா?"

"நன்றி சொல்ற பகுதியில வரும் சிஸ்டர். மேல இருக்கிற லிஸ்ட்ல வரணும்னா சாம்பிள் எடுத்தா மட்டும் போதாது. டேட்டாவைப் பார்த்து, எழுதறதுலயும் உட்காரணும்."

"உட்கார்ந்தா வருமா?"

வரும் என்றேன். ஒப்பந்தப் பணியாளர், சம்பளம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் வருகிறது. ஆராய்ச்சியாளர் என்று அவரை யாரும் இதுவரை சொன்னதில்லை. இப்போது சனிக்கிழமை மதியம் டூட்டி முடிந்ததும் என் மாணவியோடு உட்காருகிறார். போன வாரம் எக்செல்லில் இரண்டு குழந்தைகளின் எடை இடம் மாறியிருந்ததைக் கண்டுபிடித்தது அவர்தான். அந்த இரண்டு பிரசவமும் அவருக்கு நினைவிருந்தது.