மலை தந்த பெயர்

ஜவ்வாதுமலை சென்றிருந்தேன். ஜமுனாமரத்தூருக்கருகே, சாமைக் களத்தில் நின்ற முதியவரிடம் பூர்வீகம் எதுவெனக் கேட்டேன். “காஞ்சிபுரம், தம்பி!” என்றார், நேற்றுத்தான் புறப்பட்டு வந்தவர்போல!

தலைமுறை பல கடந்த வழிவழிச் செய்தி அது. மலையேறியோர் காடு திருத்தினர், சாமை விதைத்தனர், மலையையே பெயராக்கி ‘மலையாளி’ ஆயினர். பேசுவதோ தமிழ்! கேரளத்தாரோ எனக் கேட்கும் அறியாமை சமவெளியிலே இன்னமும் உண்டு.

அமெரிக்கா சென்ற ஏழைகளும் கப்பற்கட்டணத்துக்கு ஈடாக ஆண்டுக்கணக்கில் கொத்தடிமைபோல் உழைத்தவர்களே. ஆனால், அங்குக் குடியேறியோர் வழிவந்தோர் 1776இல் தனி நாட்டினராய் நிமிர்ந்தனர். இவர்களுக்கோ பெயர் கிடைத்தது, பிழைப்பு? கூலி தேடி மலையிறங்கினர். 2015 ஏப்ரல் 7இல் சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறையின் குண்டுக்கு இரையான 20 தமிழருள் ஜவ்வாதுமலையாரும் உண்டு. செம்மரம் வெட்ட வந்தனராம்! வெட்டச் சொன்னவன் எங்கே, தோழர்களே? வாங்கிக் கொழுத்தவன் எங்கே?