தாவளத்துக்கு ஒரு விரிப்பு

கோவை உக்கடத்தில் பஸ் ஏறி சித்தூர் சாலையில் வருகிறவருக்குத் தமிழ்நாடு எந்த இடத்தில் முடிந்தது என்று சட்டெனத் தெரிவதில்லை. கடைப் பலகைகளில் மலையாள எழுத்து தலைகாட்டும்போதுதான் எல்லை தாண்டிவிட்டது புரிகிறது. டீக்கடைப் பேச்சில் மாற்றமில்லை. அதே கொங்குத் தமிழ். இருபுறமும் தென்னந்தோப்புகள். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கு விளிம்பில் இருக்கிறது வேலந்தாவளம்.

தாவளம் என்றால் தங்குமிடம். வழிப்போக்கரும் வணிகரும் சுமையை இறக்கி இளைப்பாறும் இடம். தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான சொல். ஊருக்குப் பொருத்தமான பெயர்தான். சித்தூர் வட்டாரம் கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. 1949இல் திருவிதாங்கூர்-கொச்சிக்கும், 1956 நவம்பர் 1இல் கேரளத்துக்கும் போனது. ஆட்சிகள் மாறினாலும் எல்லை எல்லையாகவே நின்றது. 2017 ஜூலை 1இல் சரக்கு-சேவை வரி வந்த பிறகுதான் இங்கே வணிகவரிச் சாவடியில் லாரிகள் காத்துக்கிடப்பது நின்றது. அதற்கு முன்பும் பின்பும் தடையில்லாமல் எல்லை தாண்டிக்கொண்டிருப்பவை பெண் கொடுப்பது, பெண் எடுப்பது, சீர்வரிசை.

அந்தச் சீர்வரிசையோடு பல ஆண்டுகளுக்கு முன்பு வந்த ஒரு ஜமக்காளம் கிழிந்துபோனால் என்ன ஆகும்? இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் எங்கேயும் எழக்கூடிய கேள்வி இது. அப்படி ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். முன்னால் திண்ணை, நடுவில் முற்றம், அதைச் சுற்றி ஆசாரம், பின்னால் சமையல்கட்டு. தரை சிவப்புக் காவி போட்ட சிமென்ட். தலைமுறைகளின் கால் பட்டும், தேங்காய் எண்ணெய்த் துணியால் துடைத்தும் முகம் தெரிகிற அளவுக்கு மெருகேறியிருக்கிறது. பரணில் சுருட்டி வைத்த ஜமக்காளத்தை எடுத்து உதறினால் நடுவில் நூல் விட்டுப் போயிருக்கிறது. தை மாதம் வீட்டில் ஒரு நிச்சயதார்த்தம். புதிதாக வாங்கியே ஆகவேண்டும்.

வாங்குவது என்ன என்பதில்தான் வீடு இரண்டாகிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் பேத்திக்கு சுவரிலிருந்து சுவர்வரை மூடும் கார்ப்பெட் வேண்டும். ஸோபாவுக்குப் பொருத்தமான நிறத்தில். மகனுக்கு எளிதில் கழுவக்கூடிய பிளாஸ்டிக் விரிப்பு போதும். ஆத்தாவுக்கு ஜமக்காளம். "நாலு சனம் வந்தா எதுல கண்ணு உக்காருவாங்க?" என்பது இந்த வயதுப் பெண்கள் எல்லோரும் கேட்கக்கூடிய கேள்வி. ஸோபாவில் என்று பதில் சொல்லலாம். ஆனால் ஸோபாவில் நாலு சனம்தான் உட்கார முடியும். நிச்சயதார்த்தத்துக்கு வருவது நாற்பது பேர்.

கடைக்குப் போவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி நிறமோ விலையோ அல்ல. வீடு இருக்கும் இடத்தில் என்ன காற்று வீசுகிறது என்பதுதான்.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமாகத் திறந்து கிடக்கிறது பாலக்காட்டுக் கணவாய். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று அதற்குள் புகுந்து கிழக்கே பாய்கிறது. மார்கழி, தையில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று திரும்பி வருகிறது. இரண்டு காற்றுக்கும் வழியில்தான் வேலந்தாவளம். கேரளம் என்றதும் நினைவுக்கு வரும் ஓயாத மழை இங்கே இல்லை. சித்தூரின் கிழக்குப் பகுதி மழை குறைந்த பூமி. கோடையில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியை எட்டுகிறது. காற்றும் வெயிலும் வறண்ட மண்ணும் சேர்ந்தால் புழுதிக்குக் குறைவே இல்லை. காலையில் பெருக்கிய ஆசாரத்தில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம்.

இந்தப் புழுதிக்குத் தரையோடு ஒட்டிய கார்ப்பெட் ஒரு கிடங்கு. குஞ்சம் குஞ்சமாக நிற்கும் நூலிழைகளுக்குள் இறங்கிய மண் துடைப்பத்துக்கு வராது. உதறலாம் என்றால் எடுக்க முடியாது. ரப்பர் பூசிய அடிப்பாகம் காவித் தரையில் ஒட்டிக்கொண்டு, கழற்றும்போது கறையை விட்டுப்போகும். முற்றத்துச் சாரல் பட்ட ஈரமும் அடியில் தங்கும். வெறுங்காலில் நடக்கும்போது உள்ளங்காலுக்கு ஏறும் குளிர்ச்சிதான் இந்த வீடுகளில் பங்குனி வெயிலுக்கு மருந்து. அதைக் கம்பளியால் மூடுவது, பானைத் தண்ணீரை அடுப்பில் வைப்பது மாதிரி. மூணாறு போன்ற குளிர்ந்த மலைகளில் கதை வேறு. கணப்பு மூட்டும் எஸ்டேட் பங்களாக்களில் கம்பளம் கதகதப்புக்கு உதவுகிறது. அதே மாநிலம்தான், ஆனால் வேறு காற்று.

ரத்தினக் கம்பளத்துக்கு ஒரு மரியாதை உண்டு. காஷ்மீரிலும் உத்தரப் பிரதேசத்து பதோஹியிலும் ஒவ்வொரு முடிச்சாகக் கையால் போட்டு நெய்யப்படும் கம்பளங்கள் உலகெங்கும் போகின்றன. அந்த முடிச்சுகளைக் குழந்தைகளின் விரல்களும் போட்டன என்பதால்தான் 1994இல் இந்தியாவில் ரக்மார்க் என்ற முத்திரை வந்தது. பிறகு அதன் பெயர் குட்வீவ் ஆயிற்று. வாங்குகிறவர்கள் கேட்கவேண்டிய கேள்வி அழகு மட்டுமல்ல என்று அது உலகுக்குச் சொன்னது. எந்த விரிப்பானாலும் அந்தக் கேள்வி பொருந்தும்: இதைச் செய்தவர் யார், அவருக்கு என்ன கிடைத்தது?

வேலந்தாவளத்து வீட்டுக்கு அருகிலேயே கிடைப்பவை மூன்று.

முதலாவது பாய். மலையாளத்திலும் கிட்டத்தட்ட இதே சொல்தான். திருச்சூர் மாவட்டத்துக் கிள்ளிமங்கலத்தில் கோரையில் பாய் நெய்கிறார்கள். தெற்கே, தாமிரபரணிக் கரையிலுள்ள பத்தமடையில் கோரையை ஊறவைத்து, நாராகக் கிழித்து, பருத்தி நூல் பாவில் நெய்யும் பட்டுப் பாய் புவிசார் குறியீடு பெற்றது. அங்கே இது பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் பெண்களின் கைவேலை. கோரையைப் போல உடலுக்குக் குளிர்ச்சி தரும் விரிப்பு வேறில்லை. படுக்க, மணமக்கள் அமர, சீரில் வைக்க பாய்தான். ஆனால் நாற்பது பேர் மிதித்து எழுந்தால் ஓரம் பிரியும், மடித்தால் ஒடியும்.

இரண்டாவது கயிற்று விரிப்பு. ஆலப்புழையில் ஜேம்ஸ் டாரா 1859இல் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து தேங்காய் நார் விரிப்புகள் கப்பலேறிப் போயின. கேரளத்தின் நார், மட்டையைக் காயலில் ஊறப்போட்டு எடுத்த வெளிர் நிற நார். ஊறப்போடாமல் இயந்திரத்தில் பிரித்தெடுக்கும் பழுப்பு நாருக்குப் பொள்ளாச்சி பக்கம் போதும். அங்கிருந்து ஆலப்புழைத் தறிகளுக்கே நார் போகிறது. தென்னை சூழ்ந்த ஊருக்குத் தென்னையே விரிப்பு தருவது பொருத்தம்தான். திண்ணைக்கும் வாசலுக்கும் இதைவிட நல்லதில்லை. புழுதியைக் காலிலேயே துடைத்துவிடும். ஆனால் பட்டுப்புடவையோடு உட்கார்ந்தால் குத்தும்.

மூன்றாவது ஜமக்காளம். தமிழில் சமுக்காளம் என்றும் எழுதுவார்கள்; உருது வழியாக வந்த சொல். இதற்குப் பெயர்போன ஊர் பவானி. காவிரியும் பவானியும் கூடும் அந்த ஊரில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு நெருக்கடி. ஆங்கில மில் துணி சந்தையில் குவிந்தது. மெல்லிய துணியில் மில்லோடு போட்டியிட முடியாத ஜங்கமர் சமூகத்து நெசவாளர்கள், முரட்டு நூலில் நிறம் ஏற்றித் தடித்த விரிப்புகளை நெய்யத் தொடங்கினார்கள். மில் நுழையாத இடத்தைத் தேடிப் பிடித்த புத்திசாலித்தனம் அது. பவானி ஜமக்காளத்துக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

நெசவு குழித்தறியில் நடக்கிறது. தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டு, மிதியை அழுத்தி நெய்கிறார்கள். அகலம் கூடினால் ஒரு தறிக்கு இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். ஊடை நூல் பாவு நூலை முழுக்க மூடிவிடுவதால் வரி வரியாக நிறம் மட்டும் தெரிகிறது. இரண்டு பக்கமும் ஒரே முகம். ஒரு பக்கம் அழுக்கானால் திருப்பிப் போடலாம். உதறலாம், துவைக்கலாம், வெயிலில் காயப்போடலாம், சுருட்டிப் பரணில் ஏற்றலாம். கணவாய்க் காற்றுக்குத் தோதான விரிப்பு இது. புழுதி தங்க இதில் குஞ்சம் இல்லை.

சட்டமும் நெசவாளர் பக்கம்தான் இருக்கிறது, காகிதத்தில். கைத்தறிக்கு மட்டும் சில ரகங்களை ஒதுக்கும் சட்டம் 1985இல் வந்தது. விசைத்தறிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1993இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. முதலில் 22 ரகங்கள். 1996இல் அது 11 ஆகச் சுருங்கியபோதும் ஜமக்காளம் பட்டியலில் தங்கியது. ஆனால் கடைத் தெருவில் பவானி என்று சொல்லி விற்கப்படுவதில் வெளி மாநில விசைத்தறிச் சரக்கும் கலந்திருக்கிறது. எடை குறைவு, விலை குறைவு, ஆயுளும் குறைவு. குழித்தறியில் இருவர் நாளெல்லாம் உட்கார்ந்து நெய்த உழைப்பு, பெயரை மட்டும் திருடிய சரக்கோடு விலையில் எப்படி மோதும்? மில் துணியிடமிருந்து தப்பித்த தொழில் அதன் பேரனிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் குழித்தறியில் இறங்க மறுப்பதில் வியப்பில்லை.

அதனால் வாங்குகிறவருக்குக் கொஞ்சம் பொறுமை தேவை. 2006இல் மத்திய அரசு அறிமுகப்படுத்திய கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம். 1935 முதல் இயங்கும் கோ-ஆப்டெக்ஸிலோ பவானியின் கூட்டுறவுச் சங்கங்களிலோ வாங்கலாம். கையில் தூக்கிப் பார்த்தால் கனம் தெரியும். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கலாம். ஈரத்துணியால் ஓரத்தைத் தேய்த்துச் சாயம் போகிறதா என்று சோதிக்கலாம். வீட்டு அளவை எழுதிக்கொண்டு போவது நல்லது. ஆனால் ஆசாரம் முழுவதையும் மூடும் ஒரே விரிப்பைவிட, இரண்டு பேர் தூக்கி உதறக்கூடிய அளவில் இரண்டோ மூன்றோ வாங்குவது புத்திசாலித்தனம். சுற்றிலும் சிவப்புத் தரை கொஞ்சம் தெரிந்தால்தான் அழகு.

இன்னொரு கேள்வியைக் கடைக்காரர் கேட்கமாட்டார். வீடுதான் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். இது யாருக்கு விரிக்கப்படும்? பழைய வீடுகளின் பெருமையைச் சொல்லும்போது வசதியாக மறந்துபோகிற விஷயம் இது. ஜமக்காளம் எல்லோருக்கும் விரிக்கப்பட்டதில்லை. உறவுக்காரர்களுக்கு ஆசாரத்தில் விரிப்பு, வேறு சிலருக்குத் திண்ணையில் பாய், தோப்பில் பாடுபட்டவர்களுக்கு வாசலில் வெறும் மண். யார் எங்கே உட்காரலாம் என்பதைச் சொல்லாமல் சொல்லும் கருவியாகவும் அது இருந்தது. கிழிந்த ஜமக்காளத்துக்குப் பதில் புதியது வாங்கும்போது அந்த வழக்கத்தையும் சேர்த்து வாங்க வேண்டியதில்லை.

மூட்டுவலி என்ற நியாயமான எதிர்வாதமும் உண்டு. ஜமக்காளம் கேட்ட ஆத்தாவாலேயே இப்போது தரையில் உட்கார்ந்து எழ முடியாது. அவருக்கு ஒரு மர நாற்காலி போதும். அது எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். சுவரோரம் ஸோபா வரிசையில் அல்ல, விரிப்பின் ஓரத்தில், பேச்சுக்கு நடுவில். பேத்தியின் ஆசையும் முழுக்கத் தோற்க வேண்டியதில்லை. பவானியில் நிறத்துக்குப் பஞ்சமில்லை. ஸோபாவின் நிறத்துக்கு ஒத்த கரை கிடைக்கும்.

கடைசியில் ஒரு எல்லைப்புறச் சிக்கல் பாக்கி. ஜமக்காளத்தில் பெயர் நெய்து வாங்குவது பழைய வழக்கம். கல்யாண மண்டபங்களிலும் கோயில்களிலும் இன்றும் பார்க்கலாம். இரவல் போனது திரும்பி வர அதுதான் காவல். ஆனால் எந்த எழுத்தில்? வீட்டுப் பேச்சு தமிழ்; ரேஷன் கார்டு மலையாளம்; மகன் கையெழுத்துப் போடுவது ஆங்கிலத்தில். பவானித் தறிக்குத் தெரிந்தது தமிழ். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தமிழும் படிக்கத் தெரியும். அவர்தான் முதலில் இரவல் கேட்கப்போகிறவர் என்பதால் தமிழே போதும்.

இரவல் கேட்பார் என்பதில் சந்தேகமில்லை. தரையோடு ஒட்டிய கார்ப்பெட்டை யாரும் இரவல் கேட்கமாட்டார்கள். சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டு விசேஷத்துக்கும் துக்கத்துக்கும் போய்வருவது ஜமக்காளம்தான். தாவளம் என்று பெயர் வைத்துக்கொண்ட ஊரில், வருகிறவர்கள் உட்கார எப்போதும் ஒன்று தயாராக இருப்பதுதானே முறை.