பேறுகாலத்திற்கு ஒரு துணை

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்று நம்மவர்கள் ஓயாமல் சொல்லுகிறார்கள். ஆனால் அந்த மறுபிறப்பின் வேளையில் அவள் பக்கத்தில் யார் இருப்பது என்ற கேள்வியை எழுப்புவோர் மிகச் சிலரே. கலியாணத்திற்கு நூறு பேர் கூடுகிறோம். காது குத்துக்கு ஐம்பது பேர் கூடுகிறோம். பிரசவ அறைக்குள் போகும் பெண்ணை மட்டும் வாசலோடு விட்டுவிட்டு, வெளியே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்கிறோம். இது நியாயந்தானா என்பதை வாசகர்களே யோசித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

மேல்நாடுகளில் இதற்கென்றே ஒரு தொழில் வளர்ந்திருக்கிறது. அதைச் செய்பவளை ‘டூலா’ என்கிறார்கள். கிரேக்க மொழியில் அதற்குப் பணிப்பெண் என்பது பொருள். 1973-ஆம் ஆண்டில் டானா ராஃபேல் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர், தாய்ப்பாலூட்டல் பற்றிய தம் நூலில் அச்சொல்லை எடுத்தாண்டார். பிறகு அது பரவிற்று. டூலா டாக்டரும் அல்லள், மருத்துவச்சியும் அல்லள். ஊசி போடமாட்டாள், மருந்து கொடுக்கமாட்டாள். நோவு கண்டது முதல் பிள்ளை பிறக்கும் வரை தாயை விட்டு அகலாதிருந்து, இடுப்பை நீவி, முகத்தைத் துடைத்து, தண்ணீர் கொடுத்து, ‘நான் இருக்கிறேன், பயப்படாதே’ என்று தேற்றுவதே அவள் வேலை.

இது தமிழருக்குப் புதிய செய்தியா? திருச்சிராப்பள்ளி மலைமேல் தாயுமானவர் கோயில் இருக்கிறது. காவிரியில் வெள்ளம் பெருகித் தாய் வந்துசேர முடியாமற் போகவே, கருவுற்ற மகளுக்குச் சிவனே தாயின் வடிவில் வந்து பேறு பார்த்தார் என்பது அத்தலத்துக் கதை. நம்புவோர் நம்பட்டும், நம்பாதோர் விடட்டும். அந்த வேளையில் கடவுளே வந்தாலும் தாயாகத்தான் வரவேண்டும் என்று எண்ணிய மக்களின் அனுபவ அறிவை யாரும் மறுக்க முடியாது. ஆயினும் அதே மக்கள், ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் கையில் ஏந்திய மருத்துவச்சியை என்ன செய்தார்கள்? பெரும்பாலும் நாவிதர் குடியில் பிறந்த அவளைத் தீட்டு என்றும் தாழ்ந்தவள் என்றும் ஒதுக்கினார்கள். கதையிலே தெய்வம் செய்த வேலை, தெருவிலே இழிதொழிலாயிற்று!

நான் பிறந்தது கிள்ளானுக்கு அப்பாலுள்ள ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில். என் தாயாருக்குப் பக்கத்திலிருந்தவர் இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த ஒரு கிழவி. பால்மரம் வெட்டி ஓய்ந்த கை அவருடையது. அந்தக் கை தன் இடுப்பைத் தாங்கியதை என் தாயார் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் பழமையைப் புகழ்வது என் நோக்கமன்று. அதே கையில் பிறந்த என் மூத்த அண்ணன், ஏழாம் நாள் ஜன்னி கண்டு இறந்தான். அன்பு இருந்தது, சுத்தமான கத்தியும் மருந்தும் இல்லை.

இவற்றையெல்லாம் அரசாங்கம் கொண்டுவந்தது. 1957-இல் இந்நாட்டில் லட்சம் பேற்றுக்கு இருநூறுக்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர்; இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தொகை 30 அளவுக்கு இறங்கிற்று. பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளும் தாய்சேய் நலக் கிளினிக்குகளும் செய்த பெருந்தொண்டு அது. 1966-ஆம் ஆண்டின் மருத்துவச்சிகள் சட்டத்தின் கீழ், கம்பத்துப் பிடான்களையும் விரட்டிவிடாமல் பதிவு செய்துகொண்டார்கள். ஆகவே, ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள் என்று யாராவது சொன்னால் அதைக் கேளாதீர்கள்.

ஆனால் பேறு லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குச் சென்றபோது, அந்தக் கிழவியின் கை வாசலிலேயே நின்றுவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கை மகள் இப்பள்ளத்தாக்கிலுள்ள ஓர் ஆஸ்பத்திரியில் தலைப்பிள்ளை பெற்றாள். கணவன் லாரி ஓட்டி ஜொகூருக்குப் போயிருந்தான். நானும் தங்கையும் பதினொரு மணி நேரம் வெளியே காத்திருந்தோம். உள்ளே தாதியர் இருவர் எட்டுப் படுக்கைகளுக்கிடையே ஓடிக்கொண்டிருந்தார்களாம். அவர்கள் மேல் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மலாயும் ஆங்கிலமும் படித்த பெண்தான் அவள். ஆனால் நோவில் வாய் திறந்தால் தமிழ்தானே வரும்! “யாராவது கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும் போலிருந்தது, பெரியம்மா” என்றாள். இரண்டாம் பிள்ளை வேண்டாம் என்று இன்று வரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இது வெறும் மனக்குறை அன்று. கோதமாலா நாட்டில் நடந்து 1980-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், முன்பின் அறியாத ஒரு சாதாரணப் பெண்ணைத் தாயின் பக்கத்தில் இருத்தினார்கள். சிக்கலின்றிப் பெற்றவர்களுள், துணையில்லாதோர்க்குப் பேற்று நேரம் 19 மணியளவு. துணையுள்ளோர்க்கு 9 மணியளவு. 2017-இல் 17 நாடுகளின் 26 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தனர். அவற்றில் 15,000-க்கு மேற்பட்ட தாய்மார் அடங்குவர். இடைவிடாத துணையுள்ளவர்களுக்கு இயற்கைப் பேறு மிகுதி, வயிற்றை அறுப்பது குறைவு என்று தெரிந்தது. அச்சம் சுரப்புகளை மாற்றி, கருப்பையின் வேலையைத் தளர்த்தக்கூடும் என்பது மருத்துவர் கூறும் காரணம். ஒவ்வொரு தாய்க்கும் அவள் விரும்பும் துணை வேண்டுமென்று உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்தது. இந்திய அரசாங்கமும் 2016-இல் தன் ஆஸ்பத்திரிகளில் இதற்கு இடங்கொடுத்தது.

இங்கும் சில அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கணவனை உள்ளே விடும் வழக்கம் வந்திருக்கிறது, நல்லது. 2023 முதல் தனியார் தொழிலாளியான கணவனுக்கு 7 நாள் சம்பள விடுமுறையும் சட்டத்தில் உண்டு. ஆனால் ஓராண்டு ஒரே முதலாளியிடம் இருந்தவனுக்கே அது பொருந்தும். நாட்கூலிக்கு ஓடுபவன் என்ன செய்வான்? பணமுள்ளவர் டூலாவை அமர்த்திக்கொள்வர். மாதம் 1,700 வெள்ளி என்னும் குறைந்த சம்பளத்தில் குடும்பம் நடத்துவோர்க்கு அது கைக்கெட்டுமா? துணை மிகவும் வேண்டியவளுக்கே துணை கிடைப்பதில்லை.

இடமில்லை, கூட்டம் சேரும், கிருமி பரவும் என்று சிலர் சொல்லக்கூடும். படுக்கைக்கு ஒரு திரை, தாய்க்கு ஒரே துணை, அத்துணைக்கு முன்பயிற்சி. இம்மூன்றும் இருந்தால் தடைகள் பெரும்பாலும் நீங்கும்.

ஆகவே, பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் முதலிய இடங்களிலுள்ள மாதர் சங்கத்தாருக்கும் கோயில் கமிட்டியாருக்கும் என் விண்ணப்பம் இதுவே. திருவிழாச் செலவில் ஒரு சிறு பங்கை ஒதுக்குங்கள். பிள்ளை பெற்றுத் தேறிய பெண்களுள் பத்துப் பேரைத் தெரிந்தெடுத்து, தாதியரைக் கொண்டே பயிற்சி கொடுங்கள். அவர்களுக்கு வண்டிச் சத்தமும் ஒருநாட் கூலியும் கொடுங்கள். எந்தக் குடியில் பிறந்தவள் என்று யாரையும் கேளாதீர்கள். ஆஸ்பத்திரி அதிகாரிகளைக் கண்டு, தாய் விரும்பும் ஒருவரை உள்ளே விடும்படி எழுத்தில் கேளுங்கள். அடுக்குமாடி வீடுகளில் அக்கம்பக்கம் அறியாமல் வாழும் நம் பெண்கள், அடுத்த பேற்றுக்குள் ஒரு துணையின் பெயரையாவது அறிந்திருக்கட்டும்.