ஜி, எஸ் என்று தொடங்கும் மூன்று

திருப்பூர் பேச்சில் புழங்கும் மூன்றெழுத்து ஆங்கிலச் சுருக்கங்களில் மூன்று, ஜி, எஸ் என்றே தொடங்குகின்றன.
கடைசி எழுத்து மட்டும் மாறும்.

ஜி.எஸ்.எம்.: ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்.
100 சதுர செ.மீ. துணியை வட்டமாக வெட்டித் தராசில் வைத்து, வந்த எடையை 100ஆல் பெருக்கினால் விடை.
1.8 கிராம் என்றால் 180 ஜி.எஸ்.எம்.
துணி வாங்குவது கிலோ கணக்கில், பனியன் விற்பது எண்ணிக்கையில்.
பத்து ஜி.எஸ்.எம். கூடினாலே ஒரு கிலோவில் கிடைக்கும் உருப்படி குறையும்.
மூன்றில் முக்கியமானது இதுதான். லாபமும் நஷ்டமும் இங்கேதான் தொடங்குகின்றன.

ஜி.எஸ்.டி.: 2017 ஜூலை 1இல் வந்த சரக்கு, சேவை வரி.
2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18.

ஜி.எஸ்.பி.: வளரும் நாடுகளுக்குப் பணக்கார நாடுகள் தரும் இறக்குமதி வரிச் சலுகை.
வங்கதேச ஆடை இதன் ஒரு பிரிவில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரியின்றி நுழைகிறது.
இலங்கைக்கு 2017இல் ஜி.எஸ்.பி. பிளஸ் திரும்பக் கிடைத்தது.
திருப்பூருக்கு அந்த அளவு சலுகை இல்லை.
ஒரே ஆர்டருக்கு மூன்று தரப்பும் விலை சொல்லும்போது அந்த வித்தியாசம் கொடுமையானது.