மூலையிலே பாருங்க, மாப்பிள்ளை!

கம்ப்யூட்டரில் ஒரு சாஃப்ட்வேர் ஏற மறுத்தால் நம்மவர்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், 'பேசாம ஃபார்மட் பண்ணிடுங்க சார்!' தலைவலிக்குத் தலையையே எடுக்கிற கதை.

மச்சினனுக்கு மறுநாள் வீடியோ இன்டர்வியூ. எட்டு மாசமாக வேலை தேடுகிற பையன். மாமனார் வீட்டுக் கம்ப்யூட்டரிலோ, பென் டிரைவில் கொண்டுபோன சாஃப்ட்வேர் பாதியில் 'சர்வர் கிடைக்கவில்லை' என்று படுத்துவிட்டது. நெட் இருக்கிறது. டிஸ்க்கில் இடம் இருக்கிறது. ஆன்ட்டி வைரஸை அணைத்தும் பார்த்தாச்சு (மறுபடி போட மறந்துடாதீங்க). ம்ஹும்!

ராத்திரி பதினொரு மணிக்குத்தான் திரையின் வலது மூலை கண்ணில் பட்டது. தேதி: 1.1.2009!

மதர்போர்டில் கடிகாரத்துக்கென்றே சி.ஆர். 2032 என்று ஒரு 3 வோல்ட் பட்டன் பேட்டரி உண்டு. அது செத்துவிட்டால், கரன்ட் போனதும் தேதி பின்னோக்கி ஓடிவிடும். இன்டர்நெட்டில் சர்வர் காட்டுகிற சான்றிதழில் 'இன்ன தேதியிலிருந்து செல்லும்' என்று இருக்கும். 2009-ல் நிற்கிற கம்ப்யூட்டருக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ். எப்படி நம்பும்?

தேதியைத் திருத்தினேன். நாலே நிமிஷத்தில் ஏறிவிட்டது.

இன்டர்வியூ முடிந்தது, அடுத்த வாரம் சொல்வார்களாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் புது பேட்டரியை மாட்டிக்கொண்டிருந்தேன். மாமியார் மெதுவாக வந்தார்.

''ஹால் கடிகாரமும் ஓடலை, மாப்பிள்ளை...''