அருவியை ஆஃப் பண்ணி வைத்திருக்கிறார்கள்!

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் கெய்ர்ன்ஸ் என்று ஒரு கடலோர ஊர். அங்கிருந்து மலைமேல் இருக்கும் குராண்டாவுக்குக் காரில் போனால் அரை மணி நேரம். ரயிலில் கிட்டத்தட்ட 2 மணி நேரம். ஜன்னலோர சீட்டுக்கு அடித்துக்கொள்கிற நம்ம கட்சிக்கு ரயில்தான் சரி.

வேடிக்கை பார்ப்பதற்காகப் போட்ட ரயில் இல்லை சார் இது. வயிற்றுக்காகப் போட்டது. 1882 மழையில் பாதையெல்லாம் சேறாகி, மலைமேல் ஹெர்பர்ட்டனில் வெள்ளீயம் தோண்டியவர்கள் சோற்றுக்கே திண்டாடினார்கள். 'ரயில் விடு' என்று கூச்சல் போட்டார்கள். 1891-ல் குராண்டாவுக்கு ரயில் வந்தது. 15 குகைகள். கடப்பாரை, டைனமைட், வெறும் கை... அவ்வளவுதான் அவர்களிடம் இருந்த மெஷின். விபத்திலும் காய்ச்சலிலும் பலர் போய்ச் சேர்ந்தார்கள்.

வழியில் ஸ்டோனி க்ரீக் அருவியை ஒட்டி ஒரு வளைந்த இரும்புப் பாலம். 1890-ல் கவர்னர் நார்மன் வந்தபோது காண்டிராக்டர் ஜான் ராப் பாலத்தின் மேலேயே மேஜை போட்டு விருந்து வைத்தாராம். அருவிச் சத்தத்தில் ஒருத்தரும் சொற்பொழிவாற்ற முடியவில்லையாம். எல்லா விழா மேடைக்கும் பின்னால் ஓர் அருவி வைத்தால் தேவலை!

அடுத்து பாரன் அருவி. ரயிலை நிறுத்தி இறங்கிப் பார்க்க விடுகிறார்கள். ஆவலோடு எட்டிப் பார்த்தால், கறுத்த பாறைமேல் நாலு கோடு தண்ணீர்.

''இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?'' என்றான் கூட வந்த நண்பன்.

விஷயம் இதுதான். 1935-லிருந்தே இந்த ஆற்றுத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கிறார்கள். இப்போதுள்ள நிலையம் 1963-ல் வந்தது. மழையில்லாத மாதங்களில் தண்ணீர் மேலேயே குழாய்க்குள் போய்விடுகிறது. அருவிக்கு மிச்சம் சில்லறைதான்.

பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? மின்சாரம் வரவு, அருவி செலவு என்று எழுதிப் பார்த்தேன். டேலி ஆகவில்லை. இந்த அருவியை 'டின் டின்' என்று அழைக்கும் ஜாபுகாய் மக்களை எந்தப் பத்தியில் எழுதுவது? ரயிலுக்கும் கரண்டுக்கும் ரொம்ப முன்னாலிருந்தே அவர்கள் பூமி இது. இந்தத் தேசியப் பூங்காவில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று கோர்ட் ஒப்புக்கொண்டது 2004-ல்தான். நூறு வருஷத்துக்கு மேல் பாக்கி!

போகிறவர்கள் மழைக்காலத்தில் போங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பாரன் பாறையே தெரியாமல் கொட்டும். அதாவது, 'இயர் எண்டிங்' என்று ஆபீஸில் லீவே தராத அதே மூன்று மாதம். பாட்டிக்கு சீரியஸ் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பாட்டி மன்னித்துவிடுவாள்.